கழுத்துப் பங்கு

பின்சார் கோபப்பட்டு நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டும் அவனுக்கு நெஞ்சு கெட்ட பிறகு. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம், என் தங்கை ரோத்துவாவைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, எங்கள் வீட்டில் யார் எது சொன்னாலும் "சரி மச்சான்" என்பதுதான் அவன் பதில். கோழை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தோபா ஏரிக்கரையில் பெண் எடுத்தவன் பெண் கொடுத்தவனுக்கு அடங்கித்தான் நடக்க வேண்டும். பெண் கொடுத்த வீடு கண்ணுக்குத் தெரிகிற தெய்வம். எனக்கும் அப்படி ஒரு தெய்வம் உண்டு, என் மனைவியின் அண்ணன். சரியான குடிகாரப் பயல். அவன் முன்னால் நானும் கைகட்டித்தான் நிற்கிறேன்.

கல்யாணமோ, சாவோ, பழைய எலும்பை எடுத்துப் புதுக் கல்லறையில் வைப்பதோ, எங்கள் குலத்தில் எது நடந்தாலும் அடுப்பு பின்சாருடையது. பன்றி அடிப்பது, வெட்டுவது, ஆக்குவது, பரிமாறுவது எல்லாம் பெண் எடுத்தவர்கள் வேலை. சாப்பாடு முடிந்ததும் சபையில் பெயர் கூப்பிட்டுக் கறியைப் பங்கு வைப்போம். தாடை ஒருவருக்கு, விலா ஒருவருக்கு. எங்கள் பக்கத்தில் கழுத்து பெண் எடுத்தவனுக்கு. பங்கு என்றால் வெறும் கறி இல்லை. பங்கு வராதவன் அந்தச் சபையில் ஆளே இல்லை என்று அர்த்தம். என் கையால் கழுத்தைத் தூக்கி அவன் வலது கையில் எத்தனை தடவை கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கழுத்தில் அவனுடைய பங்காளிகளுக்கும் உரிமை உண்டு. அவர்கள் நல்ல சதையை அரிந்துகொண்டு, தொண்டைக் குழாயை ஒட்டியிருக்கிற கறியை அவன் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவனுக்கோ அதுதான் உயிர். பொடியாகக் கொத்தி, ரத்தம் விட்டு, நாக்கை மரத்துப்போக வைக்கிற காட்டு மிளகைத் தட்டிப் போட்டு, வற்ற வற்றக் கிளறி ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொள்வான். மூன்று நாள் தாங்கும். ரோத்துவா அதைத் தொடவே மாட்டாள். தொண்டைக்கறி என்றாலே அவளுக்குக் குமட்டும்.

கொரோனா இரண்டு வருடம் எல்லா விசேஷத்தையும் நிறுத்தி வைத்திருந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் தடை போனதும், கட்டிக்கிடந்த கல்யாணம், காத்துக்கிடந்த எலும்பு, எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. வாரத்துக்கு இரண்டு விருந்து, சில வாரம் மூன்று. நான் பாலிகே–சியாந்தார் வழியில் ஆள் ஏற்றுகிற கார் ஓட்டுகிறேன். ஸ்டீயரிங் பிடித்த நாளைவிட விசேஷத் துண்டு தோளில் கிடந்த நாள்தான் அந்த வருடம் அதிகம். பின்சாருக்கு டப்பா காலியாகவே இல்லை.

மே மாதம் கள்ளுக்கடையில் அவனைப் பார்த்தேன். சட்டை அவன் மேல் தொங்கியது.

"என்ன மச்சான், புதுசா எவளையாவது பிடிச்சிட்டியா? இளைச்சு புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டே!" என்றேன்.

"போ மச்சான். மூணு தட்டு சோறு தின்னாலும் பசிக்குது. எங்க போகுதுன்னே தெரியல."

"வயித்துல பூச்சி இருக்கும்."

"பூச்சி நெஞ்சிலயா இருக்கும்?" என்று சொல்லி, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டான். அவன் விரல்கள் நடுங்கின. மலைக்குளிரில் எல்லோரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சட்டைக்கு அடியில், சாக்குக்குள் போட்டுக் கட்டிய கோழி போல ஏதோ அடித்துக்கொண்டது. இரண்டு வேகமாக, பிறகு ஒன்றுமில்லை, பிறகு தடதடவென்று ஐந்தாறு. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் நான் சத்தம் போடுவேன், அது என் வழக்கம்.

"கள்ளைக் குறைடா!" என்று கத்தினேன். அவன் "சரி மச்சான்" என்றான். குறைக்கவும் செய்தான். ஒன்றும் மாறவில்லை.

மாவட்ட மருத்துவமனையில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். ஈசிஜி காகிதத்தை விரித்துக் காட்டினார். கோடுகள் தாறுமாறாக ஏறி இறங்கின. ரத்தப் பரிசோதனையும் வந்தது.

"தைராய்டு எக்கச்சக்கமா கூடிப்போச்சு ஐயா," என்றார். "அது கூடினா இதயத்தோட தாளம் தப்பிடும். மேல் அறை ரெண்டும் ஒழுங்கா துடிக்காம நடுங்கிக்கிட்டே இருக்கு. அங்க ரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். உறைஞ்ச துண்டு கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா ஆளையே சாய்ச்சிடும்."

மாத்திரை மூன்று வகை கொடுத்தார். ஒன்று தைராய்டை அடக்க, ஒன்று துடிப்பின் வேகத்தைக் குறைக்க, ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க. ரோத்துவா மூன்றையும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்றாவதில் ஒரு கஷ்டம் உண்டு, சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்காது என்று டாக்டர் எச்சரித்தார். கத்தியோடு பிழைப்பவனுக்குக் கீறல் படாமல் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஜூலை, ஆகஸ்டு நாற்று நடும் காலம். யாரும் விருந்து வைப்பதில்லை. பின்சார் தேறினான். நடுக்கம் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. ரோத்துவா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி மாத்திரைக்கு நன்றி சொன்னாள். டாக்டரும் மாத்திரைதான் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். அடுப்பு அணைந்திருந்ததை எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் என் கடைசிப் பையனுக்கு ஞானஸ்நானம். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பின்சார் கறி வெட்டும்போது கட்டைவிரலைச் சீவிவிட்டான். சாதாரணக் காயம், வருடத்துக்குப் பத்து வரும். அன்று ரத்தம் நிற்கவில்லை. துணி சுற்றினான், நனைந்தது. இன்னொன்று சுற்றினான், அதுவும் நனைந்தது. பரிமாறும்போது சோற்றுத் தட்டில் சொட்டியது. என் மனைவியின் அண்ணன், அந்தக் குடிகாரத் தெய்வம், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"மனுச ரத்தம் விழுந்த சோத்தை எங்களுக்குப் போடுறீங்களா?"

முந்நூறு பேர் முன்னால் எனக்கு மானம் போயிற்று. அடுப்பங்கரைக்கு ஓடினேன். என்ன பேசினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. திட்டினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பின்சார் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கை வரை ரத்தம் வழிய, "சரி மச்சான்" என்றான். மாலையில் அவனைச் சமாதானப்படுத்த, கழுத்தில் நல்ல பெரிய பங்காகப் பார்த்துக் கொடுத்தேன்.

அக்டோபர், நவம்பர் விருந்துக் காலம். நோய் திரும்பி வந்தது. முதல் தடவையைவிட மோசமாக வந்தது. பத்துப் படி ஏறினால் மூச்சிரைத்தான். படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினான். ரோத்துவாவுக்குத் தூக்கமே இல்லை. அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே விடியவைத்தாள். ஒவ்வொரு முறை துடிப்பு நிற்கும்போதும் தன் உயிரும் நிற்கிறது என்று என்னிடம் அழுதாள். டாக்டர் தைராய்டு மாத்திரையைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். ரத்தத்தில் தைராய்டு இறங்கவே இல்லை.

"இவ்வளவு குடுத்தா யானைக்கே அடங்கிடும்," என்றார் அவர். "இவர் மாத்திரை சாப்பிடல. அவ்வளவுதான்."

ரோத்துவா வீட்டுக்கு வந்து தைராய்டு மாத்திரையை எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. அவள் எண்ணுவதைப் பார்த்து பின்சார் தட்டை வீசி எறிந்தான். நான் சொன்னேனே, அதுதான் முதல் கோபம். நோயே ஆளைச் சிடுசிடுப்பாக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்தது என்ன தெரியுமா? நேரே போய் அவனைப் பொய்யன் என்றேன்.

"எண்ணிக்கைக்கு ஒண்ணு எடுத்து வெளிய வீசிட்டிருப்பே. என் தங்கச்சியை விதவையாக்கணும்னு முடிவு பண்ணிட்டியா?"

பின்சார் எழுந்தான். தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நீயா கேக்கிறே? மாத்திரையைப் பத்தி நீயா கேக்கிறே மச்சான்?" என்று அலறினான். நரம்பு புடைத்த கழுத்தில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. அவன் ஏன் "நீயா" என்பதை அப்படி அழுத்தினான் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை. அது இரண்டாவது கோபம்.

டிசம்பர் தொடக்கத்தில் அவன் உதடு நீலமாயிற்று. காரில் பின்சீட்டில் ரோத்துவா மடியில் அவனைச் சாய்த்து, பெருநகரமான மேடானுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் ஜெபம் செய்தேன். நடுவில் எதிர்வந்த லாரிக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், திரும்ப ஜெபம் செய்தேன். கடவுளுக்குப் பழகியிருக்கும்.

மேடானில் ஒரு பெரிய மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். கழுத்தைப் படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் டாக்டர் வந்தார், நாற்பது வயதிருக்கும். படத்தைப் பார்த்தார், ரத்த அறிக்கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"விசித்திரமா இருக்கு. ரத்தத்துல தைராய்டு வழியுது. ஆனா உங்க சுரப்பி தூங்குது. ஒரு சொட்டுகூட அது தரல. அப்ப வெளியில இருந்துதான் உள்ள வருது. இளைக்கிறதுக்கு ஏதாவது மாத்திரை? நாட்டு மருந்து?"

"எதுவும் இல்ல டாக்டர்," என்றாள் ரோத்துவா. அவள் குரல் செத்துப் போயிருந்தது. மறுபடியும் பொய்யர்கள் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு எங்கள் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "எந்தக் குலம் நீங்க?"

"சிலாயென்," என்றான் பின்சார். "அம்மா ஹுத்தாசொயிட்."

"அட, நானும் ஹுத்தாசொயிட்தான்! அப்ப நான் உங்களுக்கு மாமா பொண்ணு, கட்டிக்கிற முறை. என்ன அத்தான், வயசு இருக்கும்போது பொண்ணு கேட்டு வராம, இப்ப நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்களே!"

ரோத்துவா சிரித்துவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். "கூட்டிட்டுப் போயிடுங்க டாக்டர். மூணு ஆள் சோறு தின்பாரு, அரிசி மட்டும் நிறைய வாங்கி வச்சுக்குங்க."

"எங்க வீட்டுக்கு அடுப்புக்கு ஆள் வேணும்தான். மார்ச்சில என் தம்பி கல்யாணம். நீங்க பொண்ணு எடுத்த வீடு, வந்து பன்னி அடிக்கணும் அத்தான். கழுத்தைத் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன்."

நீலம் பாரித்த உதட்டோடு பின்சார் புன்னகைத்தான். அங்கேயும் உறவுமுறையில் யாரோ அவனுக்கு ஒரு இடம் கொடுத்துவிட்டார்கள். "தொண்டையோட வைக்கச் சொல்லுங்க. அந்தத் தொண்டைக்கறிதான் எனக்கு வேணும். வாரம் தவறாம சாப்பிடுறேன்."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "வாரத்துக்கு எத்தனை தடவை?"

அவன் சொன்னான். டப்பாவைப் பற்றிச் சொன்னான், நடவுக் காலத்தில் கிடைக்காததைச் சொன்னான். டாக்டர் தன் தொண்டையில் விரலை வைத்துக் காட்டினார்.

"பன்னிக்கும் எருமைக்கும் இதே தைராய்டுதான், இதே இடத்துல, குழாயை ஒட்டி. எவ்வளவு வேகவச்சாலும் அதோட வீரியம் போகாது. நீங்க மாத்திரை போட்டு உங்க சுரப்பியைப் பூட்டினீங்க அத்தான். பன்னியோட சுரப்பியைத் தட்டு தட்டாத் தின்னீங்க. எந்த டாக்டர் குடுக்கிற மாத்திரையும் தின்ன கறியை என்ன செய்யும்?"

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். இருபத்திரண்டு வருடம் நான் மரியாதையாகக் கொடுத்த பங்கு. சபையைக் கூட்டி, பெயர் சொல்லி, வலது கையில் வைத்த பங்கு.

"நிறுத்திட்டா ஆறு வாரத்துல இறங்கிடும். துடிப்பு தானா ஒழுங்குக்கு வர நிறைய வாய்ப்பு இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா அதுவரைக்கும் ரத்தம் உறையாத மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. உயிர் அதுலதான் நிக்குது. ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?"

பின்சார் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "சாப்பிடுறேன்," என்றான்.

திரும்பி வரும்போது ரோத்துவா பாடிக்கொண்டே வந்தாள். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தகர டப்பாவைக் கல்லால் நசுக்கினேன். அடுத்த விருந்தில் கழுத்திலிருந்து தொண்டையை நானே அறுத்து நெருப்பில் போட்டேன். பங்கைக் குறைக்கிறாயா என்று பெரியவர்கள் முறைத்தார்கள். போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் காலை, குழம்புக்கு உப்புப் போடக் கையை நீட்டினான். கை போகவில்லை. தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தானாம். பிறகு வாய் ஒரு பக்கம் இறங்கியது, கால் மடங்கியது. ரோத்துவா அலறியது என் வீட்டுக்குக் கேட்டது. என் வாழ்நாளில் அப்படிக் கார் ஓட்டியதில்லை. ஓட்டி என்ன? இதயத்தில் உறைந்த துண்டு மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உயிர் தங்கியது. வலது பக்கம் போயிற்று. பேச்சு போயிற்று.

ஒரு வாரம் கழித்து, கத்தி வைக்கிற துணிச்சுருளை எடுத்து வைக்கப் போன ரோத்துவா அதை என் முன்னால் பிரித்தாள். கத்திகளுக்கு நடுவில் மாத்திரை அட்டைகள். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. இருந்ததிலேயே பழைய அட்டையில் மருந்துக்கடைக்காரன் எழுதிய தேதி, செப்டம்பர். என் பையனின் ஞானஸ்நானம் நடந்த வாரம்.

அப்போதுதான் அடுப்பங்கரையில் நான் கத்திய வார்த்தை முழுசாகத் திரும்பி வந்தது. "ஒண்ணு அந்த மாத்திரையை நிறுத்து, இல்ல கத்தியைக் கீழ வச்சிட்டு என் சபையை விட்டுப் போ." கோபத்தில் சொன்னது. சொன்ன மறு நிமிடம் மறந்தது. அவனோ அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ரோத்துவாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தேன்.

பிப்ரவரியில் மறுபடி மேடானுக்குக் கூட்டிப் போனோம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அதே டாக்டர். அவனைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். ஈசிஜி எடுத்தார்கள். காகிதம் நீளமாக வந்தது. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம், எல்லாம் ஒரே இடைவெளியில்.

"துடிப்பு சரியாயிடுச்சு," என்றார் டாக்டர் மெதுவாக. "தைராய்டும் சரி. இதயம் முழுசா ஒழுங்குக்கு வந்துடுச்சு." சந்தோஷமான செய்தியை இவ்வளவு துக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

டாக்டர் போன பிறகு ரோத்துவா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "அந்த மாத்திரையை மட்டும் சாப்பிட்டிருந்தா இன்னைக்கு நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாரு," என்றாள். பிறகு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "ஏங்க நிறுத்தினீங்க? எவன் சொன்னான்? சொல்லுங்க, எவன் சொன்னான் நிறுத்தச் சொல்லி?"

பின்சார் வாயைத் திறந்தான். ஒரு ஓசை வந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணை என் பக்கம் திருப்பாமல் இருக்க அவன் படுகிற பாட்டைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தன் செத்த கையைப் பார்த்தான். அந்த நிலையிலும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தான்.

"நான்தான்," என்றேன். "நான்தான் சொன்னேன் ரோத்துவா. ஞானஸ்நானத்தன்னைக்கு, அடுப்பங்கரையில. அடி என்னை. எல்லார் முன்னாலயும் அடி."

அவள் அடிக்கவில்லை. தோள்துண்டின் நுனியால் அவன் கடைவாயில் ஒழுகியதைத் துடைத்தாள். எனக்குப் பழக்கமான, சின்ன வயதிலிருந்து என்னிடம் பேசுகிற அதே மரியாதையான குரலில் சொன்னாள்:

"நீங்க பொண்ணு குடுத்த வீடு. நீங்க ஒண்ணு சொன்னா அவரு எப்படிண்ணே மீறுவாரு?"